அழைத்தவரே போகச் சொன்ன பிறகு: அமைதிப்படையும் ஓர் அரசின் போர் அதிகாரமும்

1990 மார்ச் 24. இலங்கையின் திருகோணமலையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி புறப்பட்டது. திரும்பி வந்த வீரர்களுக்கு வரவேற்பு ஏற்பாடாகியிருந்த இடம், நமது ராயபுரத்தை ஒட்டிக் கிடக்கும் சென்னைத் துறைமுகம். அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அந்த நிகழ்ச்சிக்குப் போகவில்லை. இலங்கையில் தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பதே அவர் தந்த விளக்கம்.

அவர் போயிருக்க வேண்டுமா, கூடாதா என்று தமிழகம் 35 ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறது. ஒரு தரப்புக்கு அது தேசத்துரோகம். இன்னொரு தரப்புக்கு இனமானம். இந்தச் சண்டையில் இரு தரப்புமே கேட்காமல் விட்ட கேள்விகள் உண்டு. அந்தப் படை எந்தச் சட்டத்தின்படி போனது? யார் அனுமதி கொடுத்தார்கள்? அந்த அனுமதி எப்போது முடிந்தது? முடிந்த பிறகும் படை அங்கே இருந்ததா?

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையம் அருகே ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா ட்ரோன் தாக்குதலில் கொன்றது. இரண்டே நாளில், அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஈராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 2014இல் ஐ.எஸ். அமைப்பை எதிர்க்க ஈராக் அரசே அழைத்த படைதான் அது. ஆனாலும் போகவில்லை. பொருளாதாரத் தடை போடுவோம் என்று டிரம்ப் மிரட்டினார். (அந்தத் தீர்மானத்தின்போது குர்து உறுப்பினர்களும் பெரும்பாலான சுன்னி உறுப்பினர்களும் அவைக்கு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.) 'அழைத்தவரே போ என்ற பிறகும் நிற்பது ஆக்கிரமிப்பு அல்லவா?' என்று அன்று நாம் கேட்டது சரியான கேள்வி. அப்படியானால் அதே கேள்வியை 1989ஆம் ஆண்டின் இந்தியாவிடமும் கேட்கும் நேர்மை நமக்கு வேண்டும். அடுத்த நாட்டுக்கு ஒரு தராசு, நம் நாட்டுக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ள முடியாது.

டெல்லியில் யார் கையில் இருக்கிறது?

முதலில் நம் நாட்டுச் சட்டம். அரசியல் சட்டத்தின் 53ஆவது பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் தருகிறது. அந்தத் தலைமை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 74ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஏழாவது அட்டவணையில் உள்ள ஒன்றியப் பட்டியலில் நாட்டின் பாதுகாப்பு, படைகள், வெளிநாட்டு உடன்படிக்கைகள், போரும் சமாதானமும் என எல்லாம் இருக்கின்றன. நாடாளுமன்றம் எவற்றில் சட்டம் இயற்றலாமோ அவற்றிலெல்லாம் ஒன்றிய அரசுக்கு நிர்வாக அதிகாரம் உண்டு என்கிறது 73ஆவது பிரிவு.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் விடை எளிது: அமைச்சரவை முடிவெடுத்தால் படை புறப்படலாம். புறப்படும் முன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் ஓர் இடத்திலும் இல்லை. உடன்படிக்கைகள் விஷயத்திலும் இதே நிலைதான். கட்ச் எல்லைத் தீர்ப்பு தொடர்பான 1969ஆம் ஆண்டு வழக்கில், குடிமக்களின் உரிமைகளைப் பாதிக்காத, நாட்டின் சட்டத்தை மாற்றாத உடன்படிக்கையை நிறைவேற்றத் தனிச் சட்டம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். அது 1960இல் பெருபாரி விவகாரத்தில் வந்த கருத்து. கச்சத்தீவு பற்றிய சண்டை முழுவதும் இந்த ஒரு நூலில்தான் தொங்குகிறது. அது வேறு கதை.

ஆக, 1987இல் ராஜீவ் காந்தி அரசு படை அனுப்பியது இந்தியச் சட்டத்தின்படி குற்றமில்லை. உடன்பாடு பற்றி நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. சென்னை மெரினாவில் எம்.ஜி.ஆரை அருகில் வைத்துக்கொண்டு ராஜீவ் பொதுக்கூட்டத்தில் விளக்கினார். ஆனால் படை போகலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதில் ஒரு முரணைப் பாருங்கள். வரவேற்புக்குப் போகாத அதே கருணாநிதி அரசு 1991 ஜனவரி 30 அன்று 356ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. ஒரு மாநில அரசைக் கலைத்தால், அந்த அறிவிக்கை இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒப்புதல் பெற்றாக வேண்டும். பெறாவிட்டால் தானாகச் செத்துவிடும். போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தாலும் ஒரு மாதத்துக்குள் ஒப்புதல் வேண்டும். ஆனால் உச்சகட்டத்தில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கடல் தாண்டி அனுப்பி, இரண்டரை ஆண்டு சண்டையிட வைத்து, சுமார் 1,200 பேரைப் பலி கொடுக்க ஓர் ஒப்புதல் வாக்கும் தேவைப்படவில்லை. பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கைக்குக் கை தூக்குவது ஒன்றுதான் நம் உறுப்பினர்களின் கையில் இருந்த பிடி.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. ஜெர்மனியில் 1994 ஜூலை 12 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஆயுதம் தாங்கிய படை வெளிநாடு போக வேண்டுமானால் நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். பிரிட்டனில் எழுதப்பட்ட சட்டம் இல்லாவிட்டாலும் வழக்கம் உருவாகியிருக்கிறது. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவில் இராணுவ நடவடிக்கை எடுக்க டேவிட் கேமரூன் அரசு கொண்டுவந்த தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது, அவர் பணிந்தார். அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் 2025 ஜூன் 22 அன்று ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசும் முன் காங்கிரஸில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. சட்டம் இருந்தால் போர் நின்றுவிடும் என்று நாம் கனவு காணவில்லை. மீறினால் 'மீறினாய்' என்று காட்டவாவது ஒரு வரி வேண்டாமா? நம் நாட்டில் அந்த வரியே இல்லை.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது என்ன?

இனி சர்வதேசச் சட்டம். ஐ.நா. சாசனத்தின் 2ஆவது பிரிவு, 4ஆவது உட்பிரிவு, ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இதற்கு இரண்டு வெளிப்படையான விலக்குகள்: தாக்கப்பட்டால் தற்காப்பு, அல்லது பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அந்த நாட்டு அரசே அழைத்தால் அது ஆக்கிரமிப்பு ஆகாது. இலங்கை இந்தியாவைத் தாக்கவில்லை. பாதுகாப்பு மன்றம் தீர்மானம் எதுவும் போடவில்லை. 'அமைதி காக்கும் படை' என்ற பெயரைக் கேட்டு நம்மில் பலர் அது ஐ.நா. படை என்றே நினைத்திருக்கிறோம். நீலத் தொப்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் படை நின்றது முழுக்க முழுக்க அழைப்பு என்ற ஒற்றைக் காலில்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் இதற்கு மூன்று இடங்கள் முக்கியம். 2.14: தீர்வு யோசனைகளுக்கு இந்தியா உத்தரவாதம் தரும். 2.16இன் மூன்றாம் உட்கூறு: அவற்றை நிறைவேற்ற இலங்கை இராணுவ உதவி கேட்டால், கேட்கும்போது இந்தியா தரும். இணைப்பின் 6ஆம் பத்தி: தேவைப்பட்டால் சண்டை நிறுத்தத்துக்கு உத்தரவாதம் தரவும் அதை அமல்படுத்தவும் ஓர் இந்திய அமைதி காக்கும் அணியை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம்.

'அமல்படுத்த' என்ற அந்த ஒரு சொல்லில்தான் பின்னால் வந்த இரத்தம் எல்லாம் அடங்கியிருக்கிறது. 48 மணி நேரத்தில் சண்டை நிற்கும், அதற்குப் பின் 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும் என்று காகிதத்தில் எழுதினார்கள். ஆயுதம் வைத்திருந்த விடுதலைப் புலிகள் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடவில்லை. கையெழுத்திடாதவர் ஆயுதத்தைக் கீழே போடுவார் என்று இன்னொருவர் உத்தரவாதம் தந்தால், அவர் போடாதபோது உத்தரவாதம் தந்தவர் என்ன செய்வது? செப்டம்பர் 26இல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5இல், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிகள் சயனைட் அருந்தினார்கள். சில நாட்களில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றப் புறப்பட்டது. ஆபரேஷன் பவன் என்று அதற்குப் பெயர். இரு தரப்புக்கும் நடுவில் நிற்கப் போனவர்கள் மூன்றாவது தரப்பாக ஆனார்கள். அந்த அக்டோபர் 21, 22 தேதிகளில், தீபாவளியை ஒட்டி, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டதால் நேர்ந்தது என்றது இந்தியத் தரப்பு. உயிர் பிழைத்த ஊழியர்களின் சாட்சியம் வேறு மாதிரி இருக்கிறது.

இன்னொரு கேள்வியைச் சிங்கள விமர்சகர்கள் தொடர்ந்து எழுப்பினார்கள். ஜெயவர்த்தனவின் அழைப்பு மனம் ஒப்பி வந்ததா? உடன்பாட்டுக்கு எட்டு வாரம் முன்பு, 1987 ஜூன் 4 அன்று, இந்திய ஏ.என். 32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மீது பறந்து நிவாரணப் பொருட்களைப் போட்டன. முந்தின நாள் கடல் வழியாக அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. பசித்தவருக்கு உணவு கொடுத்த நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. வடமராட்சியில் நடந்துகொண்டிருந்த தாக்குதலைப் பார்த்துத் தமிழகம் கொதித்த காலம் அது. ஆனால் அனுமதியின்றி அடுத்த நாட்டு வான்வெளியில் பறப்பது அதன் இறையாண்மையை மீறுவது என்று நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் ஓராண்டு முன்புதான் தீர்ப்பளித்திருந்தது. மிரட்டிப் பெற்ற உடன்படிக்கை செல்லாது என்பதும் சர்வதேச விதி.

இதை வைத்து முழு உடன்பாடும் செல்லாது என்று சொல்வது நமக்கு அதிகமாகப் படுகிறது. ஜெயவர்த்தன அந்த உடன்பாட்டால் பயனடைந்தவர். வடக்கை இந்தியப் படை பார்த்துக்கொண்டதால், தன் படையைத் தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியை நசுக்கத் திருப்ப அவருக்கு முடிந்தது. கட்டாயப்படுத்தப்பட்டேன் என்று சொல்லி அவர் உடன்பாட்டை ரத்துச் செய்யவும் இல்லை. கையெழுத்திட்ட மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தது சிங்கள மக்களின் ஆத்திரத்தைக் காட்டியது. அது சட்டப்பூர்வ மறுப்பு ஆகாது. எனவே 1987இல் போனது சட்டப்படி நிற்கும் என்றே வைத்துக்கொள்வோம்.

1989 ஜூன் 1

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1989 ஜனவரியில் ரணசிங்க பிரேமதாச ஜனாதிபதி ஆனார். ஜூன் 1 அன்று, இந்தியப் படை ஜூலை 29க்குள், அதாவது உடன்பாட்டின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்குள், வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார். பிறகு டெல்லிக்கும் கொழும்புக்கும் கடிதப் போர் நடந்தது. இந்தியாவின் வாதம் இதுதான்: இது இரு நாட்டு உடன்பாடு, ஒருவர் மட்டும் முடிக்க முடியாது, மாகாணங்களுக்கு அதிகாரப் பகிர்வும் தமிழர் பாதுகாப்பும் நிறைவேறுவதோடு இணைந்துதான் படை விலகும், உத்தரவாதம் தந்தவர்களாக எங்களுக்குப் பொறுப்பு உண்டு.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 13ஆவது திருத்தம் கொடுத்த அதிகாரங்களைக் கொழும்பு முழுமையாகத் தரவில்லை என்பது இன்று வரைக்கும் உண்மை. ஆனால் உடன்பாடு நிற்கிறதா என்பது ஒரு கேள்வி, படை நிற்கலாமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் டெல்லியின் வாதத்தில் இருந்த ஓட்டை. 'கேட்கும்போது' உதவி, 'ஜனாதிபதி அழைக்கலாம்' என்று எழுதியிருக்கும்போது, அழைப்பு அவர் கையில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறுவதும் அவர் கையில்தான். உடன்பாட்டை இலங்கை மீறினால் இந்தியாவுக்குத் தூதரக வழி உண்டு, உதவிகளை நிறுத்தும் வழி உண்டு, உடன்பாட்டை இடைநிறுத்தும் வழியும் உண்டு. அடுத்தவர் மண்ணில் துப்பாக்கியோடு நிற்பது அந்த வழிகளில் ஒன்றல்ல. 1960ஆம் ஆண்டின் உத்தரவாத உடன்படிக்கையைக் காட்டித்தான் 1974இல் துருக்கி சைப்ரஸில் இறங்கியது. அந்த வாதத்தை உலகம் எப்படி எடுத்துக்கொண்டது என்பது டெல்லிக்குத் தெரியாததல்ல.

1974 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை 3314ஆம் தீர்மானத்தில் 'ஆக்கிரமிப்பு' என்றால் என்ன என்று வரையறுத்தது. அதன் 3ஆவது பிரிவின் ஐந்தாவது கூறு, சம்மதத்தோடு ஒரு நாட்டில் இருக்கும் படை அந்தச் சம்மதத்தின் நிபந்தனைகளை மீறினாலோ, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தங்கினாலோ அதுவும் ஆக்கிரமிப்பே என்கிறது. பின்னாளில், 2005 டிசம்பர் 19 அன்று, காங்கோ உகாண்டா மீது தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. முதலில் சம்மதத்தோடு வந்த உகாண்டா படை, சம்மதம் திரும்பப் பெறப்பட்ட பிறகு தங்கியது சட்டவிரோதம். சம்மதத்தைத் திரும்பப் பெறத் தனிச் சடங்குகள் எதுவும் தேவையில்லை. அப்படியிருக்க, பிரேமதாச நாளே குறித்துச் சொல்லியிருந்தார்.

மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு இது அந்நியமான சிந்தனை அல்ல. வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதைப் பற்றிய சட்டத்தில், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது அடிப்படை. நாடுகளுக்கு இடையிலான உறவுகளைப் பற்றி 1,200 ஆண்டுகளுக்கு முன்பே 'ஸியர்' என்ற பெயரில் தனி நூல் எழுதினார் இமாம் முஹம்மது அஷ்ஷைபானி. அபயம் யார் தந்தது, எதற்குத் தந்தது, எந்தக் கெடுவரை என்ற கேள்விகள் அந்தக் கலையின் முதல் பாடங்கள். ஐ.நா. சாசனம் கேட்பதும் ஏறத்தாழ அதே மூன்றுதான்.

இந்தியாவுக்கே இதில் பழைய அனுபவமும் இருந்தது. எகிப்து மண்ணில் நின்ற ஐ.நா. அவசரப் படையில் நமது வீரர்கள் இருந்தார்கள். 1967 மே மாதம் நாசர் அந்தப் படையைப் போகச் சொன்னார். ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் விவாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டார். அனுமதி போனால் படைக்கு அங்கே இருக்க உரிமையில்லை என்பதே அவர் எடுத்த நிலை. புறப்படும் முன்பே ஜூன் போர் வெடித்து, காஸாவில் இந்திய வீரர்கள் சிலர் இஸ்ரேலின் தாக்குதலில் இறந்தார்கள்.

1989க்குத் திரும்புவோம். ஜூலை 29 அன்று பெயரளவுக்குச் சிறு பகுதி படை மட்டும் கிளம்பியது. பேச்சுவார்த்தை இழுத்தது. செப்டம்பர் 18 அன்றுதான் இரு அரசுகளும் கூட்டறிக்கை வெளியிட்டன: செப்டம்பர் 20 முதல் தாக்குதல் நடவடிக்கை இல்லை, டிசம்பர் 31க்குள் முழு விலகலுக்கு முயற்சி. இந்தக் கூட்டறிக்கைக்குப் பிறகு இருந்ததற்குப் புதிய சம்மதம் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் ஜூலை 29க்கும் செப்டம்பர் 18க்கும் இடைப்பட்ட ஏழு வாரங்களுக்கு? அந்த நாட்களில் இந்தியப் படை எந்தச் சட்டத்தின் நிழலில் நின்றது?

வல்வெட்டித்துறை அந்த ஏழு வாரங்களுக்குள்தான் வருகிறது. 1989 ஆகஸ்ட் 2 அன்று புலிகள் தாக்கியதில் இந்திய வீரர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து அந்த ஊரில் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியவர்கள் என்றது இந்தியத் தரப்பு. நிராயுதபாணிகளைக் கொல்வது எந்த அனுமதிச் சீட்டு இருந்தாலும் குற்றம். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அங்கே இருப்பதற்கான சீட்டே கேள்விக்குறியாகிவிட்ட நாட்களில் அது நடந்தது என்பதை நம் நாட்டில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

விசாரிக்க வழியில்லாமல் இல்லை. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் வீரர் எந்த நாட்டில் இருந்தாலும் அவரைப் பின்தொடரும். உள்நாட்டில் ஒரு சிவிலியனைக் கொன்றால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். வெளிநாட்டில் நடந்தால் இராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம் என்கிறது அதன் 70ஆவது பிரிவு. யாழ்ப்பாணம் மருத்துவமனைக்கும் வல்வெட்டித்துறைக்கும் பொதுமக்கள் பார்க்கத்தக்க சுதந்திரமான விசாரணை நடக்கவில்லை. செத்த வீரர்களின் குடும்பங்களுக்கும் இது அநீதிதான். 'எங்கள் பிள்ளை எதற்காகச் செத்தான்?' என்ற அவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல நாடாளுமன்ற வாக்கெடுப்புப் பதிவு ஒன்றைக்கூட டெல்லியால் எடுத்துக் காட்ட முடியாது. துறைமுகத்தில் இறங்கிய சிப்பாய் முடிவெடுத்தவர் அல்ல. முடிவெடுத்தவர்கள் அந்தக் கப்பலில் வரவில்லை.

கிழக்கின் முஸ்லிம்கள்

'படை போன பிறகு என்ன நடந்தது பார்த்தீர்களா?' என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வி நம்மைச் சுடும். 1990 ஜூனில் மீண்டும் போர். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் சொந்த மண்ணிலிருந்து விரட்டினார்கள். இந்தியப் படை நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு.

நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படையின் அனுமதிச் சீட்டை எழுதியபோதே முஸ்லிம்கள் கணக்கில் வரவில்லை. கிழக்கு மாகாணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முஸ்லிம். உடன்பாட்டின் முன்னுரையில் அவர்களின் பெயர் ஒரு வரியில் வருகிறது. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் முடிவில் அவர்களிடம் கேட்கவில்லை. இணைப்பு பற்றிய வாக்கெடுப்பை மேற்பார்வையிடும் குழுவில் தலைமை நீதிபதி, ஜனாதிபதி நியமிக்கும் ஒருவர், தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகள் சொல்லும் ஒருவர் என்று மூன்று இருக்கைகள். முஸ்லிம்களுக்கு நான்காவது இருக்கை இல்லை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் எம்.எச்.எம். அஷ்ரஃப் எழுப்பிய ஆட்சேபத்தின் சாரம் இதுதான். அந்த வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவே இல்லை. ஆயுத ஒப்படைப்பு என்ற நிபந்தனை நிறைவேறாமலே இணைப்பைப் பிரகடனம் செய்தது செல்லாது என்று 2006 அக்டோபர் 16 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைக் காக்கப் போகிறோம், யாருடைய சம்மதத்தோடு போகிறோம் என்று முதலில் எழுதிக்கொள்ளாத படை, கூடுதலாக ஓராண்டு நின்றிருந்தால் காத்தான்குடியைக் காத்திருக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

இப்போது

பின்னாளில் டெல்லி சில பாடங்களைக் கற்றது என்றே தோன்றுகிறது. 2003 ஜூலையில் ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா நெருக்கியபோது, தெளிவான ஐ.நா. அனுமதி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வாஜ்பாய் அரசு மறுத்தது. 2023இல் மாலத்தீவில் ஆட்சிக்கு வந்த முஹம்மது முயிஸு, ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் இயக்கிக்கொண்டிருந்த இந்திய இராணுவத்தினரைப் போகச் சொன்னார். 90க்கும் குறைவானவர்கள்தான். டெல்லிக்குக் கசந்தது, தொலைக்காட்சிகள் குதித்தன. ஆனால் 2024 மே 10 கெடுவுக்குள் அனைவரும் வெளியேறி, அவர்களின் இடத்தில் சிவில் தொழில்நுட்பாளர்கள் வந்தார்கள். 1989இல் இப்படிச் செய்திருக்கலாம்.

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் பிரதமர் மோடியின் முன்னிலையில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்றே அமைதிப்படை நினைவுச் சின்னத்திலும் பிரதமர் மலர் வைத்தார். ஒப்பந்தத்தின் முழு வாசகத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்று இலங்கை எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பின. நம் பக்கத்தில் அப்படி ஒரு குரல் பெரிதாகக் கேட்கவில்லை. கூட்டுப் பயிற்சி, கப்பல் வருகை அளவிலான ஒப்பந்தம் என்று சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். அப்படியானால் வாசகத்தைக் காட்டுவதில் தயக்கம் எதற்கு?

இந்த விஷயத்தில் வட சென்னைக்குத் தனி உரிமை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது எரிந்தது நம் கரை. (கண்டிப்பான ஆளை 'எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.) 1987இல் அமைதிப்படைக்கான கட்டளைகள் சென்னையிலிருந்தே போயின. 1990க்குப் பின் ஓடிவந்த அகதிகளுக்குக் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம் போடப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் இன்னும் குடியுரிமை இல்லாமல் எண்ணூர், மணலி பக்கம் பெயிண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினர், கேள்வி நேரத்தில் பாதுகாப்பு அமைச்சரிடம் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுக்க முடியும். 2025 ஏப்ரல் ஒப்பந்தத்தின் முழு வாசகம் அவையில் வைக்கப்படுமா? இந்தியப் படையினர் இலங்கை மண்ணில் தங்க நேர்ந்தால், அழைப்பது யார், முடிப்பது யார், எத்தனை நாளில் திரும்புவது என்று அதில் எழுதியிருக்கிறதா?